கருவாட்டுக்கு எத்தனை புள்ளி

என் வாழ்க்கையில் ஒரேயொரு முறைதான் நான் நீதிபதியாக இருந்திருக்கிறேன். என் முன்னே நிறுத்தப்பட்டவை மூன்று புத்தகங்கள். மூன்றும் ஆங்கிலம், மூன்றும் கணினி பற்றியவை, மூன்றையும் ஒன்றாகத் தூக்கினால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். தீர்ப்புச் சொல்ல எனக்கு இருந்த ஒரே தகுதி, அந்த அலுவலகத்தில் வேறு யாரும் அவற்றைத் திறக்கத் தயாராக இல்லை என்பதுதான்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. போர் நின்றுவிட்டது என்று தாளில் கையெழுத்து வைத்திருந்த காலம். நிற்கவில்லை என்பது மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையில் இருந்தவர்களுக்கும் தெரியும். சூரியன் எழும் பக்கமான எழுவான்கரையில் இராணுவம், அது படும் பக்கமான படுவான்கரையில் இயக்கம், நடுவில் தண்ணீர். நான் வேலை பார்த்த உதவி நிறுவனத்துக்கு மட்டக்களப்பு நகரில் ஓர் அலுவலகமும் அக்கரையில் வெல்லாவெளியில் ஓர் அலுவலகமும் இருந்தன. நகரத்தில் நான் கணினிப் பொறுப்பாளர். பொறுப்பு என்றால், கணினி நின்றால் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள், நான் கணினியைப் பார்ப்பேன்.

வெல்லாவெளியில் அதே வேலையைச் செய்தவள் மச்சாள். சொந்தமில்லை. முதல்முறை சந்தித்தபோது எங்கள் பக்கத்து வழக்கப்படி தாய்வழியில் நான் என்ன குடி என்று விசாரித்தாள். சொன்னேன். அவள் எங்களோடு கலியாணம் முடிக்கக்கூடிய வேறு குடி. “அப்ப முறைக்கு மச்சாள்தானே கா” என்று, எங்கள் ஊரில் பெண்ணைக் கூப்பிடும் ‘கா’வையும் சேர்த்து முடிவு கட்டிவிட்டாள். அதற்குப் பிறகு என் பெயரை அவள் ஒருநாளும் பாவித்ததில்லை, நானும் அவள் பெயரை மறந்தே போனேன். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள், மெதுவாகக் கதைப்பாள், யாருக்கும் அவசரப்படமாட்டாள்.

இரண்டு அலுவலகத்துக்கும் நடுவே அப்போது ஓடிய நம்பகமான தொடர்பு, பட்டியல்களும் கோப்புகளும் வைத்து அனுப்பும் ஒரு பிஸ்கட் தகரப்பெட்டி. செவ்வாயும் வெள்ளியும் எங்கள் களஞ்சியப் பொறுப்பாளர் அதை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு குருமண்வெளித் துறைக்குப் போவார். ஏறாவூர்க்காரர், முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நாங்கள் எல்லோரும் நானா என்றே கூப்பிடுவோம். துறையிலிருந்து அக்கரைக்குப் ‘பாதை’ போகும். பாதை என்றால் தெருவல்ல. மோட்டார் சைக்கிளும் மாடும் மனிதரும் ஒன்றாக ஏறிக் கடக்கும் மிதவை. இக்கரைச் சோதனைச் சாவடியில் ஒருமுறை பெட்டியைத் திறந்து காட்டுவார், அக்கரைச் சாவடியில் ஒருமுறை. இரண்டு பக்கத்தாரும் முதலில் தேடியது பிஸ்கட்டைத்தான்.

அந்தப் பெட்டிக்கு ஒரு சட்டம் இருந்தது. அதை இயற்றியவள் நான். ஒருமுறை, மலசலகூடம் கட்டிக்கொடுக்கும் பட்டியலை இரண்டு அலுவலகமும் ஒரே கிழமையில் தனித்தனியாகத் திருத்திவிட்டன. விளைவாக ஒரு வீட்டுக்கு இரண்டு மலசலகூடம், பக்கத்து வீட்டுக்கு ஒன்றுமில்லை. இரண்டு கிடைத்த வீட்டில் மாமியாரும் மருமகளும் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு சமாதானமாகிவிட்டார்கள் என்று கேள்வி. ஒன்றும் கிடைக்காத பெண் பாதையேறி வந்து எங்கள் வாசலில் நின்று கேட்ட கேள்விகள் தெருமுனை வரை கேட்டன. அன்று பின்னேரமே சட்டத்தைத் தட்டச்சுச் செய்து பெட்டியின் மூடியில் ஒட்டினேன்: பெட்டி யாரிடம் இருக்கிறதோ அவர் மட்டுமே எழுதலாம், மற்றவர் தன்னுடைய பிரதியில் ஒரு கமாகூடப் போடக்கூடாது, பெட்டியைக் கேட்பவர் ‘கையேற்கிறேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்ட துண்டைக் கொடுத்தாலொழியப் பெட்டி கைமாறாது. இரண்டு வருடம் அப்படியே நடந்தது. அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் மலசலகூடம் இரட்டைப் பிள்ளையாகப் பிறக்கவில்லை.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் கொழும்பிலிருந்து அந்த மூன்று புத்தகங்களும் வந்தன.

கொண்டுவந்தவர் எங்கள் அலுவலகத்தை நடத்திய இணைப்பாளர். நாற்பது வயது மனிதர், கூட்டம் என்றால் உயிர். ஒருவரும் வராவிட்டால் தனியாகவே கூட்டம் வைத்து அறிக்கை எழுதக்கூடியவர். கொழும்புத் தலைமை அலுவலகத்துக்குப் போய்வந்தவர் பையை இறக்கியதும் இறக்காததுமாக எங்களைக் கூட்டினார். இனி நாடு முழுவதிலும் உள்ள நம் அலுவலகங்கள் எல்லாம் ஒரே மென்பொருளில் வேலை செய்யப்போகின்றனவாம். ஒரே நாட்காட்டி, ஒரே கோப்புப் பெட்டகம், எல்லோரும் எல்லோருடைய வேலையையும் பார்க்கலாம், ஒரே அறிக்கையில் பத்து ஊரிலிருந்தும் எழுதலாம். பயிற்றுநரை எல்லா இடத்துக்கும் அனுப்ப முடியாது, படுவான்கரைக்கு அனுப்பவே முடியாது. ஆகவே புத்தகம்தான் வாத்தியார். மூன்றில் எது நல்லது என்று மதிப்பிடும் பொறுப்பு எங்கள் அலுவலகத்துக்கு.

“ஏன் சேர் நமக்கு?” என்று கேட்டேன்.

“நம்மட்டதான் கரண்ட் இரிக்கிற அலுவலகமும் இரிக்கு, இல்லாத அலுவலகமும் இரிக்கு எண்டாங்க” என்றார். அதில் அவருக்கு ஒரு பெருமை.

பிறகு கதவைச் சாத்திவிட்டு மற்றக் கதையைச் சொன்னார். மூன்று மாதத்துக்குள் இந்த முறைக்குள் வராத அலுவலகங்கள் பக்கத்து அலுவலகத்தோடு சேர்க்கப்படும் என்று சுற்றுநிருபம் வருகிறது. கொழும்பில் மேசைமேல் கிடந்த பட்டியலை அவர் தலைகீழாக வாசித்திருக்கிறார். வெல்லாவெளிக்கு நேரே இப்போதே பென்சிலால் ‘சேர்க்கப்படும்’ என்று எழுதியிருந்ததாம்.

சேர்ப்பது என்பது மூடுவதற்கு வைத்த நல்ல பெயர். மச்சாளுக்கும் அங்கே இருந்த நான்கு கள அலுவலர்களுக்கும் வேலை போகும். அது மட்டுமல்ல. படுவான்கரையில் புருஷனை இழந்த ஒரு பெண் வீட்டுக்குக் கூரை கேட்டு ஒரு படிவம் கொடுப்பதற்கு இரண்டு பக்கத்திலும் அனுமதி வாங்கி, பாதையேறி, நகரத்துக்கு வந்து, இருட்டுமுன் திரும்ப வேண்டும். பென்சிலால் ஐந்து பேருடைய சோற்றில் கோடு போடுகிறவனை நேரில் கண்டால் நான்கு வார்த்தை கேட்டிருப்பேன். நேரில் காண முடியாததால் புத்தகங்கள்மேல் பாய்ந்தேன்.

முதலில் பெயர் வைத்தேன். தடித்த அட்டையுடன் ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய ஒன்றுக்கு ஆனை. பளபளவென்று, அட்டையில் கழுத்துப்பட்டி கட்டிய இளைஞர்கள் பல்லைக் காட்டிக்கொண்டு நின்ற ஒன்றுக்கு மாப்பிள்ளை. மூன்றாவது மெல்லியது, சாம்பல் நிறம், ஒரு படம்கூட இல்லை, பசை வேறு ஒரு மாதிரி மணத்தது. அதற்குக் கருவாடு.

கொழும்பு அனுப்பிய மதிப்பீட்டுப் படிவத்தில் அட்டை, தாள், எழுத்தளவு, படங்கள், உள்ளடக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் பத்துப் புள்ளி. இணைப்பாளர், நானா, நான் ஆகிய மூவர் குழு முதல்நாள் கூடியது. இணைப்பாளர் ஆனைக்கு உடனே ஒன்பது போட்டார். கச்சான் காற்று வீசுகிற காலம், ஆனையை மேசையில் வைத்தபிறகு அவருடைய தாள்கள் ஒன்றும் பறக்கவில்லை என்பதே காரணம். நானா மூன்றையும் கையில் எடுத்து முதுகை வளைத்து, தையலைத் தடவி, தாளை விரலால் சுண்டினார். அவர் குடும்பம் ஏறாவூரில் துணிக்கடை வைத்திருந்தது. “ஆன நூல் கட்டு, நிண்டு உழைக்கும். மாப்புள்ள வெறும் பசை, ஒரு மழைக்குத் தாங்காது. கருவாடு பாக்க வடிவில்ல, ஆனா விரிச்சி வெச்சா விரிஞ்சபடியே கிடக்கி. ரெண்டு கையாலயும் வேல செய்யலாம்” என்றார். நான் சிரித்தேன். பிறகு நினைத்துப் பார்த்தால், அன்று அந்த அறையில் உருப்படியாக ஒன்றைச் சொன்னவர் அவர் மட்டும்தான்.

நானோ மாப்பிள்ளையிடம் மயங்கிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். எழுதியவர் பகிடிக்காரர். ஒவ்வொரு அத்தியாயத்தையும் ஒரு நகைச்சுவையுடன்தான் தொடங்குவார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாசித்து, சோறு புரையேறி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அதிலும் ஆவணத்தைப் ‘பூட்டுவது’ பற்றிய அத்தியாயம் வந்தபோது கதிரையை விட்டே எழும்பிவிட்டேன். ஒரு கோப்பை ஒருவர் எடுத்தால் அவர் விடும்வரை மற்றவர் யாரும் அதில் எழுத முடியாதாம்!

“சேர், நானா, ஓடி வாங்க! இது எங்கட பிஸ்கட் பெட்டி!”

இரண்டு பேரும் ஓடி வந்தார்கள். நான் மொழிபெயர்த்து வாசித்தேன். இணைப்பாளர் மேசையில் தட்டினார். எங்கோ பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் இருந்து இதைக் கண்டுபிடித்தவர் வீட்டிலும் முன்பொருநாள் இரண்டு மலசலகூடம் கட்டப்பட்டிருக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். அந்தக் கிழமை முழுவதும் எங்களுக்குக் கால் தரையில் படவில்லை. மென்பொருள் இன்னும் வந்துசேரவில்லை. அதனால் சுவரில் பெரிய தாளை ஒட்டி அதைப் பொது நாட்காட்டி என்று அறிவித்தோம். இணைப்பாளர் அதில் தனக்குத்தானே ஒரு கூட்டத்துக்கு அழைப்பு எழுதி, பிறகு வேறு வேலை இருப்பதாகத் தானே மறுப்பும் எழுதினார். அதைப் பார்த்து நானா வாயைப் பொத்திக்கொண்டு களஞ்சியத்துக்குள் போய்விட்டார்.

அவர்தான் திரும்பி வந்து கேட்டார். “தங்கச்சி, இந்தப் புத்தகத்த வெச்சி அக்கரையில வேல செய்யப்போற ஆரு? நீங்களா?”

“மச்சாள்.”

“அப்ப நாம என்னத்துக்குப் புள்ளி போடுற? அவக்கிட்டக் குடுத்துப் பாருங்களன்.”

எனக்குச் சுருக்கென்றது. நகரத்தில் மின்சாரம் உண்டு, தொலைபேசி உண்டு, பிழைத்தால் கேட்பதற்கு நான்கு பேர் உண்டு. வெல்லாவெளி அலுவலகத்தில் காலை பத்து மணிக்கு ஜெனரேட்டர் போட்டால் பன்னிரண்டுக்கு நிற்பாட்டிவிடுவார்கள். எழுவான்கரைக் கோபுரத்திலிருந்து போகும் தொலைபேசி அலை அவர்கள் முற்றத்து மாமரத்தின் மேல்கிளை உயரத்தில்தான் அகப்படும் என்பதால் அன்டெனாவை அந்தக் கிளையில் கட்டியிருந்தார்கள். அந்த ஒரு தொலைபேசியில்தான் பேச்சு, அதே தொலைபேசியில்தான் இணையம். அணில் ஓடினால் இரண்டும் அறுந்துபோகும். கேட்க ஆளில்லாத இடத்தில் உதவாத புத்தகத்துக்கு நான் சிரித்த சிரிப்பால் என்ன பயன்?

அதற்குள் கொழும்பிலிருந்து வந்துசேர்ந்த பரீட்சார்த்த மென்பொருள் குறுந்தட்டையும் முதல் புத்தகத்தையும் செவ்வாய்க்கிழமை நானாவிடம் கொடுத்து அனுப்பினேன். கூடவே, பென்சில் பட்டியலையும் பிஸ்கட் பெட்டிப் பூட்டையும் பற்றி மச்சாளுக்கு மூன்று பக்கக் கடிதம் ஒன்றும் வைத்தேன். சோதிக்க ஒரு முறையும் சொல்லியிருந்தேன். ஒரு பக்கத்தில் சொன்னதைச் செய்து பார்த்துச் சரிவந்தால் மட்டும் அந்தப் பக்கத்தின் மூலையில் பென்சிலால் ஒரு சரி, பக்கத்தில் அன்றைய தேதி. வராவிட்டால் ஒன்றும் போடக்கூடாது. மச்சாள் இப்படியான விஷயங்களில் கோயில் பூசகர் போல. செய்யாததைச் செய்தேன் என்று அவள் கை எழுதாது.

ஆனை சரியாக ஒரு கிழமையில் பெட்டிக்கு மேலே கட்டப்பட்டுத் திரும்பி வந்தது. ஒரு சரிகூட இல்லை. கூடவே கடிதம்: “மச்சாளுக்கு, முதல் எழுபது பக்கமும் இந்தப் புத்தகத்தை எப்படி வாசிப்பது என்று இருக்கிறது. வாசித்தேன். எழுபத்தோராம் பக்கத்தில், சந்தேகம் இருந்தால் உங்கள் நிர்வாகியிடம் கேளுங்கள் என்று இருக்கிறது. இங்கே நிர்வாகி நான்தான். என்னிடம் நான் கேட்டேன். எனக்குத் தெரியாதாம்.”

இதை நான் உரக்க வாசித்தபோது இணைப்பாளர் தேநீரைத் தன் சட்டையில் ஊற்றிக்கொண்டார். அந்த ஒன்பது புள்ளியைத் தானே வெட்டி மூன்றாக்கினார்.

மாப்பிள்ளை நான்கு சரியுடன் வந்தது. “நல்லாச் சிரித்தேன். ஜெனரேட்டர் நின்றபிறகும் சிரித்தேன். கணினி மட்டும் சிரிக்கவில்லை. அவர் சொல்கிறபடி செய்தால் எல்லாம் தானாக நடக்கும் என்கிறார். நடக்காவிட்டால் கோப்பி ஊற்றும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் நண்பரைக் கேட்கட்டாம். இங்கே பக்கத்தில் நிற்பது மாடு.”

எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது, மறைக்கமாட்டேன். என் மாப்பிள்ளையை அப்படிச் சொல்லலாமா? ஆனால் மாட்டை நினைக்க நினைக்க சிரிப்பு வந்து கோபத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது.

கருவாடு போனது, ஒரு கிழமை வரவில்லை. இரண்டாம் கிழமையும் வரவில்லை. கேட்டனுப்பினால் “வேலை நடக்கிறது” என்று ஒரு வரி. மூன்றாம் கிழமை கடிதம் மட்டும் வந்தது. “இதைப் பின்பக்கத்தால் வாசிக்க வேண்டும் மச்சாள். கடைசியில் சொல்லடைவு இருக்கிறது, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று. என் கணினி சொல்கிற பிழையை அப்படியே அதில் தேடினேன், இருந்தது. மற்ற இரண்டும் பிழையே வராது என்கின்றன. இது மட்டும்தான் பிழை வரும், வந்தால் இதைச் செய் என்கிறது. இடையில் மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்று ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. எழுதினவர் எங்கள் பக்கத்து ஆளோ? நேற்றுப் பதினொன்று நாற்பதுக்கு உங்கள் நாட்காட்டியைப் பார்த்தேன். உங்கள் இணைப்பாளர் தனக்குத்தானே கூட்டம் வைத்திருக்கிறார்.”

நான் கணினிக்கு ஓடினேன். உண்மை. சுவரிலிருந்து நாங்கள் ஏற்றி வைத்திருந்த நாட்காட்டியின் அடியில், வெல்லாவெளி பார்த்தது என்று ஒரு சின்ன வரி. அந்த வரியைப் பார்த்து நானும் நானாவும் இணைப்பாளரும் சின்னப் பிள்ளைகள்போலக் கூச்சலிட்டோம். பக்கத்துக் கட்டடத்தில் இருந்தவர்கள் சமாதானம் நிரந்தரமாகிவிட்டதோ என்று எட்டிப் பார்த்தார்கள்.

தீர்ப்பை எழுதி அனுப்பினோம்: கருவாடுதான். மற்றக் குறிப்புகள் என்ற இடத்தில், சொல்லடைவு இல்லாத புத்தகத்தை வாசலுக்குள் விடவேண்டாம் என்று எழுதினேன். கொழும்பு ஏற்றுக்கொண்டது. எல்லாக் கள அலுவலகத்துக்கும் ஒவ்வொரு கருவாடு. தலைமை அலுவலகம் மட்டும் தனக்கென்று ஆனையை வாங்கி வைத்துக்கொண்டது. அவர்களுடைய கண்ணாடி அலுமாரிக்கு மெல்லிய புத்தகம் அழகில்லையாம்.

ஆனால் பட்டியல் மாறவில்லை. இணைப்பாளர் தொலைபேசியில் மூன்று முறை விசாரித்தார். வெல்லாவெளி சேர்ந்துவிட்டது என்று சொன்னால், “பார்க்கலாம்” என்பார்கள். நாட்காட்டியின் சின்ன வரியைச் சொன்னால், அது ஏதும் தவறாக இருக்கலாம் என்பார்கள். அக்கரையில் கணினி ஓடும் என்று நம்புவதற்கு அவர்களுக்கு மனம் வரவில்லை. இன்னும் பத்து நாளில் பட்டியல் அச்சாகும். புத்தகத்தைச் சரியாகத் தெரிவு செய்தும் ஆளைக் காப்பாற்ற முடியவில்லை என்றால் அந்தத் தீர்ப்பை வைத்து என்ன செய்ய?

அந்த நேரத்தில்தான் ஆண்டறிக்கை வந்தது. நிறுவனத்தின் ஆண்டறிக்கையைக் கொழும்பு பொதுப் பெட்டகத்தில் வைத்து, ஒவ்வொரு அலுவலகமும் தன் பகுதியை எழுதும்படி கேட்டது. வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு வெளிநாட்டுக்குப் போக வேண்டும். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு நான் திறக்கப் பார்த்தேன். பூட்டு. எடுத்திருப்பது வெல்லாவெளி. நல்லது, எழுதட்டும் என்று விட்டேன். பன்னிரண்டுக்கு ஜெனரேட்டர் நின்றிருக்கும். அப்போதும் பூட்டு. வெள்ளி காலை எட்டுக்கும் பூட்டு. எட்டே காலுக்குக் கொழும்பிலிருந்து எங்கள் இணைப்பாளருக்கு அழைப்பு. எட்டரைக்கு மறுபடியும். ஒன்பதுக்கு, அந்தப் பட்டியலில் கையெழுத்திடும் தலைமை அலுவலகப் பணிப்பாளரே அழைத்தார். யாழ்ப்பாணத்தாலும் எழுத முடியவில்லை, திருகோணமலையாலும் முடியவில்லை, கொழும்பாலும் முடியவில்லை. பூட்டை உடைக்கும் வழி ஆனையில் இருக்குமே என்று நான் கேட்டேன். தேடுகிறார்களாம், நிர்வாகியிடம் கேட்கும்படி போட்டிருக்கிறதாம், நிர்வாகி லீவில் மலைநாட்டுக்குப் போய்விட்டாராம்.

நான் வெல்லாவெளியை அழைத்தேன். மாமரத்தில் அன்றைக்கு அணில் இல்லை. மச்சாள் எடுத்தாள்.

“மச்சாள், ஆண்டறிக்கையை விடுங்க கா! கொழும்பு எரியுது!”

“விடலாம். துண்டு எங்க?”

“என்ன துண்டு?”

“கையேற்கிறேன் எண்டு எழுதிக் கையெழுத்து வெச்ச துண்டு. துண்டு இல்லாம விடுறல்ல எண்டு பெட்டி மூடியில ஒட்டினது நீங்கதானே.”

“ஐயோ, அது தகரப்பெட்டிக்கு கா! இது கொம்பியூட்டர்!”

“இதுவும் பிஸ்கட் பெட்டிதான் எண்டு மூணு பக்கக் கடிதம் எழுதினதும் நீங்கதான்.”

ஆமாம், எழுதியிருந்தேன். பரவசத்தில் எழுதியிருந்தேன், கீழே இரண்டு முறை கோடும் போட்டிருந்தேன். சட்டத்தைச் சொல்லுக்குச் சொல் பிடித்துக்கொள்ளும் பூசகரிடம் சட்டம் இயற்றிக் கொடுத்தது என் பிழை. கத்தினேன், கெஞ்சினேன், சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இந்தக் குழப்பத்தால் அவளுடைய வேலை இன்னும் சீக்கிரம் போய்விடுமே என்று சொல்லியும் பார்த்தேன். அவள் அசையவில்லை. “கேக்கிறது ஆர், கொழும்புதானே? அப்ப கொழும்பு கையெழுத்து வெக்கட்டும்” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நான் பணிப்பாளரிடம் விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கத்தில் அவர் பேனை தேடும் சத்தம் கேட்டது. பிறகு, “என்ன எழுதவேண்டும், சொல்லுங்கள்” என்றார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். பத்து நிமிடத்தில் எங்கள் தொலைநகலில் அந்தக் கடிதம் சுருண்டு வந்து விழுந்தது. நிறுவனத் தலைப்புத் தாளில், முத்திரையோடு: எமது பொதுப் பெட்டகத்தில் வெல்லாவெளி அலுவலகம் எடுத்துப் பணியாற்றிக்கொண்டிருக்கும் ஆண்டறிக்கையை அவ்வலுவலகத்திடமிருந்து கையேற்கிறேன். கீழே பணிப்பாளரின் பெரிய கையெழுத்து.

அதைத் தகரப்பெட்டியில் வைத்து நானாவின் கையில் கொடுத்தேன். அவர் ஓடிய ஓட்டத்தை அந்தத் தெரு அதற்குமுன் கண்டிராது. இக்கரைச் சாவடியில் கடிதத்தை ஒருவர் வாசித்தார், அக்கரைச் சாவடியில் இருவர் வாசித்தார்கள். பாதை அன்றைக்கு நாற்பது மாட்டுடன் போனது என்று பிறகு சொன்னார். வெல்லாவெளியில் அவருக்காக ஜெனரேட்டரை மறுபடி போட்டார்களாம். பகல் இரண்டு பத்துக்கு என் திரையில் பூட்டு கழன்றது. உள்ளே வெல்லாவெளியின் பகுதி ஒரு பிழையில்லாமல், எங்கள் பகுதியைவிட நன்றாக எழுதப்பட்டிருந்தது. அறிக்கை ஐந்துக்குப் போனது.

பத்தாம் நாள் பட்டியல் வந்தது. அதில் வெல்லாவெளி இல்லை. பட்டியலுக்கு இரண்டு நாள் முன்பு கொழும்புக்குக் கிடைக்கும்படி மச்சாள் ஒரு தாளைத் தபாலில் அனுப்பியிருக்கிறாள். பணிப்பாளரின் கடிதத்துடைய பிரதி. வேறொரு வார்த்தையும் எழுதவில்லை. முத்திரை குத்தி, உங்கள் பெட்டகத்தில் இவர்கள் பணியாற்றுகிறார்கள் என்று எழுதிக் கையெழுத்தும் வைத்துவிட்ட மனிதர் அதே அலுவலகத்தை இணையாத அலுவலகம் என்று எப்படி எழுதுவார்? சண்டை மறுபடி வந்து எல்லோரையும் கலைக்கும்வரை அந்த அலுவலகம் திறந்தே இருந்தது.

அடுத்த மாதம் பொது நாட்காட்டியில் மச்சாள் வெல்லாவெளியில் ஒரு கூட்டம் போட்டு எங்கள் எல்லோரையும் அழைத்திருந்தாள். நானாவின் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் அமர்ந்து, பாதையேறிப் போனேன். அவள் தேநீர் எடுக்கப் போன நேரம் மேசையில் கருவாடு விரித்தபடி கிடந்தது. ஆசையாகப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் பென்சில் சரி. ‘எடுத்த ஆவணத்தை விடுவித்தல்’ என்ற பக்கத்துக்கு வந்தேன். அங்கேயும் ஒரு சரி. பக்கத்தில் தேதி. ஆண்டறிக்கை பூட்டப்பட்ட அந்த வியாழனுக்கு முந்திய செவ்வாய்.

தேநீரோடு வந்தவளிடம் பக்கத்தைக் காட்டினேன். “மச்சாள், உங்களுக்குத் திறக்கத் தெரிஞ்சிரிக்கு.”

“ஓம் கா. ரெண்டு தரம் பூட்டித் திறந்து பாத்தன். நல்ல புத்தகம்.”

“அப்ப என்னத்துக்கு என்னைத் தொண்டை கிழியக் கத்த விட்டீங்க?”

“உங்களுக்குப் பொய் சொல்ல வராதே. உங்களுக்குத் தெரிஞ்சிரிந்தா மறுகா கொழும்புக்கும் தெரிஞ்சிரிக்கும்.” தேநீரை என் முன்னால் வைத்தாள். “அவங்க எங்களப் பென்சிலால எழுதிவெச்சாங்க. நான் பேனையால எழுத வெச்சன். அவ்வளவுதான்.”

நான் சிரிக்கத் தொடங்கினேன், நிற்பாட்ட முடியவில்லை. கண்ணால் தண்ணீர் ஓடியது. அது முழுவதும் சிரிப்பில்லை என்பது அவளுக்கும் தெரியும். நானா என்ன என்ன என்று கேட்க, சொல்ல முடியாமல் புத்தகத்தைக் காட்டினேன். அவருக்கு விளங்கியதும் களஞ்சியத்தைத் தேடினார். அங்கே களஞ்சியம் இல்லாததால் மாமரத்தடிக்குப் போய்ச் சிரித்தார்.

பின்னேரம் புறப்படும்போது தகரப்பெட்டியைக் கேட்டேன். அவள் கையை நீட்டினாள். துண்டு கொண்டுவர மறந்துவிட்டேன், அங்கேயே எழுதித் தருகிறேன் என்றதற்குப் பணிப்பாளரே முத்திரை குத்தித்தானே தந்தார் என்றாள். எவ்வளவு கேட்டும் தரவில்லை. நானும் நானாவும் வெறுங்கையோடு பாதையேறி இக்கரைக்கு வந்தோம்.